இனாமுக்கு வரி உண்டா?

பெங்களூரின் கிழக்கு ரயில் நிலையத்துக்கு அண்மையில், காக்ஸ் டவுனையும் குக் டவுனையும் ஒட்டினாற்போல் அமைந்துள்ளது ஜீவனஹள்ளி. 1809-ல் கன்டோன்மெண்ட் ஏற்பட்ட காலந்தொட்டுப் பட்டாளத்தின் பின்னே வந்த தமிழர்களின் வழித்தோன்றல்களும், பிழைப்பைத் தேடிப் பின்னாளில் வந்து சேர்ந்தவர்களும் இந்தச் சுற்றுவட்டாரமெங்கும் வாழ்கின்றனர். அவர்களுள் கணிசமானோர் பிறருக்குப் பணிவிடை செய்து பிழைப்பவர்கள். ஓட்டலில் பரிமாறுபவர், ஆட்டோ ஓட்டுபவர், சலூனில் வேலை செய்பவர், வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு சேர்ப்பவர், அடுக்குமாடிக் கட்டடத்தில் இரவுக் காவல் காப்பவர் என்று இவ்வரிசை நீளும்.

இப்படிப்பட்ட தெரு ஒன்றில், ஞாயிறு காலையில், திண்ணையோரம் நிகழும் உரையாடல் ஒன்றை நேயர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். பெரிய ஓட்டலொன்றில் சர்வராக இருக்கும் இளைஞர் கேட்கிறார்: "அண்ணே, அமெரிக்காவிலே டிப்ஸுக்கு வரி கிடையாதுன்னு சட்டம் போட்டுட்டாங்களாமே. நமக்கு?" ஆட்டோ ஓட்டும் பெரியவர் சிரிக்கிறார்: "நமக்கு எப்போ தம்பி வரி இருந்தது, இப்போ இல்லாமப் போறதுக்கு?"

பெரியவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி உண்மையன்று. நம் நாட்டுச் சட்டப்படி வாடிக்கையாளர் தரும் இனாமுக்கு வரி உண்டு. ஆனால் அவ்வரியைக் கேட்டு எவரும் அவர் வாசலுக்கு வந்ததில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம் இருக்கிறது. அது வரியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்று எல்லாரும் டிப்ஸ் என்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் இனாம் என்பதே வழக்கு. பட்டாளத்துத் தெருக்களில் பக்ஷீஸ் என்றும் சொல்வர். தீபாவளி இனாம், பொங்கல் இனாம், இந்த ஊரில் ஆயுத பூஜை இனாம் என்று அது இன்னும் முழுதும் மறையவில்லை. அரபு மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு நம் நாட்டு நிலவரி வரலாற்றில் ஒரு விசேஷப் பொருள் உண்டு. அரசர்கள் கோயிலுக்கோ, பண்டிதருக்கோ, கிராம ஊழியருக்கோ தீர்வையின்றியோ குறைந்த தீர்வைக்கோ விட்டுக்கொடுத்த நிலம் இனாம் நிலம் எனப்பட்டது. யாருக்கு இந்த உரிமை மெய்யாகவே உண்டு என்று துருவிப் பார்ப்பதற்காகவே சென்னை மாகாணத்தில் 1858-ல் இனாம் கமிஷன் ஏற்பட்டது. மைசூர் ராஜ்யத்திலே இனாம்களை ஒழிக்க 1954-ல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் சிறு இனாம்களை ஒழிக்கும் சட்டம் 1963-ல் வந்தது. ஆக, வரி கட்ட வேண்டாத உடைமை என்பதே ஒரு காலத்தில் இனாம் என்ற சொல்லின் உட்பொருளாக இருந்தது! ஓட்டல் மேஜைமேல் கிடக்கும் இருபது ரூபாய்க்கும் அந்தப் பழைய சலுகை உண்டென்று மனம் நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் வருமானவரிச் சட்டம் சொல்லைப் பார்ப்பதில்லை. பணம் ஏன் கைமாறியது என்பதைப் பார்க்கிறது. கொடுத்தவர் கட்டாயத்தின் பேரில் கொடுத்தாரா, மனமுவந்து கொடுத்தாரா என்பது அங்கே முடிவான கேள்வியன்று. பெற்றவர் செய்த வேலைக்காகக் கொடுத்தாரா, அவரென்னும் மனிதருக்காகக் கொடுத்தாரா என்பதே கேள்வி.

இந்த வேற்றுமையை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவை இங்கிலாந்து நாட்டு நீதிமன்றங்கள். அங்கே 1947-ல் ஒரு டாக்சி ஓட்டுநரின் வழக்கு வந்தது. முதலாளியிடம் சம்பளத்துக்கு வண்டி ஓட்டிய அவர், பயணிகள் தந்த சில்லறையை வருமானமாகக் கொள்ளலாகாது என்று வாதாடினார். நீதிபதி ஒப்பவில்லை. வழக்கமாகக் கிடைக்கும் டிப்ஸ் வேலையால் வந்த ஊதியமே, அதற்கு வரி உண்டு என்றார். ஆயினும் ஒரு வாசல் திறந்து வைத்தார். நெடுநாளாக அதே வண்டியை அமர்த்தி வந்த ஒருவர், கிறிஸ்துமஸ் நாளிலோ ஊரை விட்டுப் போகும்போதோ, அந்த ஓட்டுநரின் குணத்துக்காகப் பெருந்தொகை ஒன்றைத் தந்தால் அது அன்பளிப்பு. அதற்கு வரி வராது என்பது அவர் கருத்து.

கிரிக்கெட் ஆட்டத்தில் நாட்டமுள்ள நேயர்களுக்கு இதே வேற்றுமையை இரண்டு ஆட்டக்காரர்களின் கதையால் விளக்கலாம். கென்ட் மாவட்டத்துக்காக ஆடிய ஜேம்ஸ் சீமோர் என்பவருக்கு, அவருடைய நெடுநாள் பணியைப் பாராட்டி ஓர் ஆட்டம் நடத்தி, அதன் வசூலைக் கொடுத்தார்கள். அது அவருடைய ஆளுமைக்குக் கிடைத்த நன்கொடை என்றும் வரிக்கு உட்பட்டதன்று என்றும் பிரபுக்கள் சபை 1927-ல் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியரான புரூஸ் டூலண்டு லங்காஷயர் லீக்கில் சம்பளத்துக்கு ஆடியவர். அவர் மட்டையாலோ பந்தாலோ சிறப்பாக ஆடினால் பார்வையாளரிடம் வசூல் செய்து கொடுக்கப்படும் என்பது அவருடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது. அந்த வசூலுக்கு வரி உண்டு என்று 1955-ல் தீர்ப்பாயிற்று. வாழ்நாளில் ஒருமுறை வருவது வேறு. ஆடுந்தோறும் எதிர்பார்த்து வருவது வேறு.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான இரு வழக்குகள் உண்டு. இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை சென்றவை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆத்மானந்தர் என்னும் கிருஷ்ண மேனன், போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வேதாந்தம் போதித்து வந்தவர். யாரிடமும் அவர் கட்டணம் கேட்டதில்லை. லெவி என்ற ஆங்கிலச் சீடர் ஒருவர் தாமாகவே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ரூபாயை அவர் கணக்கில் சேர்த்தார். இது பக்தியால் தந்தது, இதற்கும் வரியா என்று வழக்கு நடந்தது. வேதாந்தம் போதிப்பதும் ஒரு தொழிலே. போதனை பெற்றதற்காகவே அப்பணம் வந்தது. ஆகவே அது வருமானம் என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. லாப நோக்கம் இருந்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமற் போயிற்று. மற்றொன்று பாவநகர் மகாராஜா தம் முன்னாள் திவான் அனந்தராய் பட்டாணிக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்த வழக்கு. சமஸ்தானம் போய், திவான் பதவியும் போன பின்னர், அவருடைய நற்குணத்தை நினைந்து கொடுத்தது அது. அதனை வெறும் அன்பளிப்பு என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு 1961-ல் ஏற்றது.

சீடர் தந்ததற்கு வரி உண்டு, மகாராஜா தந்ததற்கு இல்லை என்றால் நம் ஓட்டல் சர்வர் எந்தப் பக்கம் நிற்பார்? ஐயமேயின்றி வேதாந்தியின் பக்கம்தான். அவருக்கு மேஜைமேல் கிடைப்பது பரிமாறியதற்காக வந்தது. பரிமாறாதவருக்கு எவரும் வைத்துவிட்டுப் போவதில்லை. திவானுடைய வழியும் இன்று அடைபட்டுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். உறவினரல்லாதவரிடமிருந்து ஓர் ஆண்டில் பெறும் பண அன்பளிப்புகள் 50,000 ரூபாயைத் தாண்டினால், திருமணம் முதலிய சில சந்தர்ப்பங்கள் நீங்கலாக, அவற்றையும் வருமானமாகக் கருதும் விதி பின்னாளில் வந்தது.

வருமானம் என்பது முடிந்தது. எந்த வகை வருமானம் என்பதுதான் அடுத்த தகராறு. அது வெறும் வக்கீல்களின் விவகாரம்போல் தோன்றலாம். ஆனால் தொழிலாளியின் வாழ்வைத் தொடும் இடம் அதுவே.

முன்பெல்லாம் டிப்ஸ் என்பது ரொக்கம். வாங்கினவருக்கும் கொடுத்தவருக்கும் மட்டுமே தெரிந்தது. கார்டு வந்த பிறகு, பில்லின் அடியில் வாடிக்கையாளர் எழுதும் டிப்ஸ் தொகை முதலில் ஓட்டல் கணக்கில் விழுந்து, பிறகு ஊழியர்களுக்குப் பங்கிடப்பட்டது. தில்லியில் ஐ.டி.சி. நிறுவனத்தின் ஓட்டல் கணக்குகளைப் பார்த்த வருமானவரி அதிகாரிகள், இத்தொகையும் சம்பளமே, ஆகவே சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்தம் செய்வதுபோல் இதிலிருந்தும் நிறுவனம் பிடித்திருக்க வேண்டும் என்றார்கள். பிடிக்காத நிறுவனம் கடமை தவறியதாயிற்று. மேல்முறையீட்டு அதிகாரியும் தீர்ப்பாயமும் நிறுவனத்தின் பக்கம் நின்றன. தில்லி உயர் நீதிமன்றம் 2011-ல் வரித் துறையின் பக்கம் நின்றது. கடைசியில் 2016 ஏப்ரல் 26-ந் தேதி, நீதிபதிகள் குரியன் ஜோசப்பும் ரோஹின்டன் நாரிமனும் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியது.

அத்தீர்ப்பின் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நன்று. சம்பளம் என்றால் முதலாளி கொடுக்கக் கடமைப்பட்டது. கொடுக்காவிடில் தொழிலாளி உரிமையோடு கேட்கக்கூடியது. டிப்ஸ் அப்படிப்பட்டதா? வாடிக்கையாளர் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிடில் இல்லை. நேற்று ஏன் டிப்ஸ் வரவில்லை என்று எந்தத் தொழிலாளியும் முதலாளிமீது வழக்குத் தொடுக்க முடியாது. அப்பணம் ஓட்டலின் பெட்டி வழியே போனதாலேயே ஓட்டலுடையது ஆகிவிடாது. பிறர் பொருளை நம்பிக்கையின்பேரில் வைத்திருந்து உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பாளர் நிலைதான் ஓட்டலுக்கு. ஆகவே அது சம்பளமன்று. ஊழியர் கையில் அது இதர வழிகளில் வந்த வருமானம். ஓட்டல் அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை. ஊழியர் தாமே கணக்குக் காட்டி, வரி இருந்தால் தாமே கட்ட வேண்டும்.

இது நேர்மையான தீர்ப்பு என்றே என் சிற்றறிவுக்குப் படுகிறது. ரொக்கமாகத் தந்தால் பிடித்தமில்லை, கார்டில் தந்தால் பிடித்தம் என்றால், ஒரே மேஜையில் ஒரே வேலைக்கு வந்த பணம் இரண்டு விதமாக நடத்தப்படும். அந்தக் கோணல் நீங்கியது நல்லதே.

இனி நம் ஜீவனஹள்ளி இளைஞரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் மாதம் 30,000 ரூபாய், டிப்ஸ் சராசரி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,60,000-மும் 1,44,000-மும் சேர்ந்து 5,04,000. சம்பளக்காரருக்கு உள்ள நிலையான கழிவு 75,000. அது சம்பளத்திலிருந்து மட்டுமே கழியும், டிப்ஸிலிருந்து கழியாது. அதைக் கழித்தால் 4,29,000. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை. மிஞ்சிய 29,000-க்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 1,450 ரூபாய். ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்கு மேற்போகாதவருக்கு வரித் தள்ளுபடி உண்டாகையால் அந்த 1,450-ம் இல்லை. கட்ட வேண்டியது பூஜ்யம். எனினும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டபடியால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடமை மட்டும் அவருக்கு உண்டு. அந்தக் கடமையை உண்டாக்கியது டிப்ஸ்தான். டிப்ஸை விட்டுவிட்டால் அவர் வருமானம் 2,85,000-ஓடு நின்றுவிடும்.

வரியே இல்லாதபோது இந்த வீண் வேலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்குப் போகுமுன் அமெரிக்கச் செய்தியை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். 2025 ஜூலை 4-ந் தேதி அங்கே கையெழுத்தான சட்டம், வழக்கமாக டிப்ஸ் பெறும் தொழில்களில் உள்ளவர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை டிப்ஸை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளிக்கிறது. 2025 முதல் 2028 வரை நான்கு ஆண்டுகளுக்கே இந்தச் சலுகை. 1,50,000 டாலருக்கு மேல் வருமானமுள்ளவர்களுக்கு இது படிப்படியாகக் குறையும். முதியோர் காப்புக்காகப் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரி டிப்ஸின்மேல் முன்போலவே உண்டு. ஆகவே டிப்ஸுக்கு வரியே இல்லை என்று திண்ணையில் பேசிக்கொள்வது சரியன்று. பிரான்சு தேசமும் 2022-ல் குறைந்த சம்பளக்காரர்களின் டிப்ஸுக்கு வரிவிலக்கு அளித்தது.

இந்தச் சலுகையை நாமும் கேட்கலாமா? கேட்கலாகாது என்பதே என் அபிப்பிராயம். ஒரே ஓட்டலில் சட்னி அரைப்பவரும், பாத்திரம் துலக்குபவரும், சர்வரும் மூன்று பேர். வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பவர் சர்வர் ஒருவரே. மூவருக்கும் மொத்த வருமானம் ஒன்றாக இருக்கையில், முகம் தெரிகிறவருக்கு மட்டும் வரிச் சலுகை தருவது எந்த நியாயம்? சூட்டில் நிற்பவருக்கு இல்லாத தயவு கூடத்தில் நிற்பவருக்கு மட்டும் ஏன்? அன்றியும், டிப்ஸுக்குச் சலுகை கிடைக்குமானால் சம்பளத்தை உயர்த்தாமல் டிப்ஸைக் காட்டியே ஆள் எடுக்க முதலாளிகளுக்கு அது ஒரு சாக்காகும். அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி ரொக்கமாகத் தரவேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991 முதல் அது உயரவேயில்லை. மீதியை வாடிக்கையாளர் நிரப்ப வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. இங்கிலாந்து 2009-ல் நேர்மாறாகச் செய்தது: குறைந்தபட்சக் கூலியில் டிப்ஸைச் சேர்த்துக் காட்டலாகாது என்று விதித்தது. 2024 அக்டோபர் முதல், டிப்ஸ் முழுவதையும் நியாயமாகத் தொழிலாளருக்கே பங்கிட வேண்டும் என்ற சட்டமும் அங்கே நடைமுறைக்கு வந்தது. இரண்டில் எது நம் வழியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

டிப்ஸ் சம்பளமன்று என்ற தீர்ப்பு வரிப் பிடித்தத்திலிருந்து தொழிலாளியைக் காத்தது. ஆனால் அதே நியாயம் மறுபக்கம் வெட்டும் கத்தியாகவும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, போனஸ் ஆகிய யாவும் சம்பளம் என்னும் அடிப்படைமேல் நிற்பவை. 1948-ம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டமும், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும், வேலை ஒப்பந்தப்படி முதலாளி தரவேண்டிய ஊதியத்தைத்தான் கணக்கில் எடுக்கின்றன. மேஜைமேல் வைத்துவிட்டுப் போனது அதில் சேராது.

இதன் விளைவு என்ன? மாதம் 18,000 சம்பளமும் 10,000 டிப்ஸுமாக வாழும் ஒருவர் நோயுற்றுப் படுக்கையில் விழுகிறார் என்று கொள்வோம். ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவி சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது என்ற வீதத்தில் வருவது. 28,000-ல் குடும்பம் நடத்தியவருக்கு மாதம் ஏறத்தாழ 12,600 ரூபாய் வரும். டிப்ஸ் அன்றோடு நின்றுவிடும். படுத்திருப்பவருக்கு யார் தருவார்கள்? ஓய்வு பெறும் நாளிலும் இதே கதைதான். முப்பது ஆண்டு உழைத்தவரின் வைப்புநிதியில் அவர் சிரித்த முகத்தோடு சம்பாதித்த பணத்தின் நிழல்கூட இராது.

உடனே, அப்படியானால் டிப்ஸையும் சம்பளத்தில் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் சேருவதற்கு உரிய சம்பள வரம்பு 2017-ல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. டிப்ஸைச் சேர்த்து 28,000 என்று கணக்கிட்டால், மேற்சொன்ன தொழிலாளி அந்த வரம்பைத் தாண்டி, உள்ள மருத்துவ வசதியையும் இழப்பார். ஆகையால், ஒன்றைச் சம்பளம் என்று சொல்வதோ சொல்லாமல் விடுவதோ தொழிலாளிக்கு எப்போதும் நன்மை என்று நினைத்துவிட முடியாது. எந்த நோக்கத்துக்காக என்பதைப் பொறுத்தே விடையும் மாற வேண்டும்.

அப்படி மாறலாம் என்பதற்கு 1908-லேயே முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தில் ரயில் உணவுப் பெட்டியில் பரிமாறும் வேலை பார்த்த ஒருவர் சம்பந்தமாக விபத்து நஷ்டஈட்டு வழக்கு எழுந்தது. நஷ்டஈட்டைச் சம்பளத்தை வைத்து மட்டும் கணக்கிடுவதா, பயணிகள் தந்த டிப்ஸையும் சேர்ப்பதா என்பது கேள்வி. டிப்ஸ் ஒளிவுமறைவின்றி, முதலாளிக்குத் தெரிந்தே, வழக்கமாகக் கிடைத்து வந்தமையால் அதனையும் அவருடைய சம்பாத்தியமாகக் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. ஒரு மனிதன் கையையோ காலையோ இழக்கும்போது அவன் இழப்பது சம்பளத்தை மட்டுமன்று என்ற எளிய உண்மையை அந்நீதிபதிகள் கண்டார்கள்.

நம் நாட்டில் சாலை விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயங்கள் வருமானத்தைப் பார்த்தே தொகையை நிர்ணயிக்கின்றன. வருமானம் இவ்வளவு என்று மெய்ப்பிப்பது கோருபவரின் பொறுப்பு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற விபத்து வழக்கொன்றில், வருமானவரி ரிட்டர்ன் இருக்குமானால் அதையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் கூறியுள்ளது. பெங்களூரின் போக்குவரத்தில் நாளெல்லாம் இரு சக்கர வண்டியில் பறப்பவர்கள் இதனை மனத்தில் வைக்க வேண்டும். வரி பூஜ்யமாயினும் ரிட்டர்ன் ஏன் என்ற கேள்விக்கு ஒரு விடை இது. வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ வங்கிக்குச் செல்லும்போது மற்றொரு விடை கிடைக்கும். சம்பளச் சீட்டில் உள்ள 18,000-ஐப் பார்த்து வங்கி அளிக்கும் கடன் வேறு. காட்டப்பட்ட 28,000-ஐப் பார்த்து அளிக்கும் கடன் வேறு. வேற்று மாநிலத்தில், பிணை நிற்க உற்றார் அருகில் இல்லாத குடும்பத்துக்கு இந்தத் தாளின் மதிப்பு இன்னும் கூடுதல்.

ஆட்டோ ஓட்டும் பெரியவரை மறந்துவிடவில்லை. சொந்த வண்டி ஓட்டுபவருக்கு முதலாளியே இல்லை. அவருக்கு மீட்டருக்கு மேல் கிடைப்பதும் தொழில் வரவிலேயே சேரும். ஆனால் அண்மையில் அவருடைய தொழிலிலும் டிப்ஸ் ஒரு புது உருவம் எடுத்தது. வண்டி வருவதற்கு முன்னரே, இவ்வளவு கூடுதலாகத் தருகிறேன் என்று பயணியைச் சொல்லவைக்கும் ஏற்பாடு கைப்பேசிச் செயலிகளில் புகுந்தது. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி இதனைக் கண்டித்தார். ஊபர் நிறுவனத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பணி முடிந்து மனம் குளிர்ந்து தருவதுதான் டிப்ஸ். முன்கூட்டியே கேட்பது ஏலம். இந்த ஏலத்தொகையை வருமானவரிச் சட்டம் அன்பளிப்பு என்று எக்காலத்தும் கருதாது.

ஓட்டல் பில்லில் தானாகவே ஏறிவந்த சேவைக் கட்டணமும் இத்தகையதே. அதை வாடிக்கையாளர்மீது கட்டாயமாகச் சுமத்தலாகாது என்று 2022 ஜூலையில் அதே ஆணையம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஓட்டல்காரர்கள் வழக்காடினார்கள், 2025 மார்ச் 28-ந் தேதி தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்நெறிகளை உறுதிசெய்தார். பெயர் சேவைக் கட்டணம் என்றிருந்தாலும், அத்தொகை பரிமாறினவர் கைக்கு எவ்வளவு போயிற்று என்பது பில்லில் எங்கும் காணப்படாது. நான் உணவருந்தச் செல்லும் இடங்களில் டிப்ஸைப் பரிமாறினவர் கையிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். நேயர்களும் அவ்வாறே செய்யலாம்.

இன்னார் கையில் விழுந்த காசு இன்னாருடையதே என்பதில் நம் மக்களுக்கு உறுதியான உணர்ச்சி உண்டு. 2025 பிப்ரவரியில் மதுரையில் ஒரு முருகன் கோயிலில், அர்ச்சகர் தட்டில் விழும் காணிக்கையை உண்டியலில் சேர்க்க வேண்டுமென்று அதிகாரி ஒருவர் உத்தரவிட்டார். எதிர்ப்புக் கிளம்பியவுடன் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தட்டுக்காசு அர்ச்சகருடைய பிழைப்பு என்பதை எவரும் சட்டப் புத்தகத்தைப் பார்த்து அறியவில்லை. அதுவும் வருமானமே என்பது வேறு சங்கதி.

கடைசியாக, அச்சம் ஒன்றைப் பற்றி. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, கைப்பேசி வழியே வந்த பணவரவுகளைப் பார்த்துச் சிறு கடைக்காரர் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல கடைகளில் கியூஆர் அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்ததும் நினைவிருக்கும். அது முதல், டிப்ஸைக் கைப்பேசியில் வாங்கவே அஞ்சுபவர்கள் உண்டு. அந்த நோட்டீஸ்கள் ஜி.எஸ்.டி. சம்பந்தமானவை, ஆண்டு விற்றுமுதல் பொருள்களில் 40 லட்சமும் சேவைகளில் 20 லட்சமும் தாண்டும் வியாபாரிகளைப் பற்றியவை. சம்பளத்துக்கு வேலை செய்து மாதம் பத்தோ பன்னிரண்டோ ஆயிரம் டிப்ஸ் பெறுபவர் அந்த வலையில் அகப்படுபவரல்லர். வங்கிக் கணக்கில் பதிவாகி வரும் டிப்ஸ் அவருக்குச் சாட்சியாகுமேயன்றிப் பகையாகாது.

வீடுகளுக்கு உணவு கொண்டு சேர்ப்பவர்களுக்காகக் கர்நாடகம் 2025-ல் இயற்றிய நலச் சட்டத்தின்படி, அவர்களுக்குச் செயலி நிறுவனம் தரும் ஊதியத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நலநிதிக்குக் கட்டணமாக அந்நிறுவனமே செலுத்த வேண்டும். ஜீவனஹள்ளியில் உள்ள அத்தகைய தொழிலாளர்கள் அந்நலவாரியத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்வது அவசியம்; தமிழர் என்பதோ, பிற மாநிலத்தவர் என்பதோ அதற்குத் தடையன்று.

ஓட்டலில் பணிபுரிவோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, நாள்தோறும் கிடைத்த ரொக்க டிப்ஸைத் தேதியிட்டு எழுதி வரலாம். மாதக் கடைசியில் கூட்டி, அத்தொகையை வங்கியில் போடலாம். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ரிட்டர்னில் சம்பளத்தை ஒரு கட்டத்திலும், டிப்ஸை இதர வழி வருமானம் என்ற கட்டத்திலும் எழுத வேண்டும். 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் இயற்றப்பட்ட புதிய வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி விதிக்கப்பட்டது. பிரிவு எண்கள் அதில் மாறியுள்ளன. அந்த இரண்டு கட்டங்கள் மாறவில்லை.